அரங்கேறும் தகுதி

ஒன்றை ஆக்குதல் வேறு. ஆக்கியதனை அவையின்முன் வைத்தல் வேறு. தன் வீட்டு அடுக்களையில் ஒருவன் உப்பு மிகுந்த குழம்பைச் சமைத்துத் தானே உண்பானாயின், அதனைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. அக்குழம்பையே விருந்தினர் இலையில் வார்ப்பானாயின், உண்பவர் நாவும் தீர்ப்புக் கூறும் உரிமையைப் பெற்றுவிடுகின்றது. பண்டைத் தமிழகத்தில் நூல் இயற்றிய புலவர் அதனை உடனே உலகிற்கு வழங்கிவிடவில்லை. கற்றறிந்தோர் கூடிய அவையில் அரங்கேற்றி, அவர் எழுப்பிய தடைகளுக்கு விடை கூறிய பின்னரே வழங்கினர். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் உரைக்கின்றது. அரங்கேற்றத்தின் நோக்கம் புலவரை இழிவுபடுத்துதல் அன்று. நூலின் குற்றங்களைக் களைந்து, கற்பவர்க்குப் பயன்படுமாறு செய்தலேயாம்.

இவ்வழக்கம் நூலுலகிற்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறியில் ஆடப்படும் விளையாட்டுகளின் உலகிலும் இதனை ஒத்த ஒன்று தோன்றி வளர்ந்துள்ளது. அங்கே விளையாட்டை ஆக்கி விற்கும் நிறுவனத்தார் ஒருபுறம் இருக்க, அவ்விளையாட்டின்மேல் கொண்ட விருப்பத்தால் ஊதியம் கருதாது புதிய பகுதிகளைப் படைக்கும் ஆர்வலர் மறுபுறம் உள்ளனர். அவர்தம் படைப்புகள் பலர் பார்வைக்கு வைக்கப்படும்போது, எவற்றை ஏற்பது, எவற்றைத் திருப்புவது, எந்த அளவுகோல் கொண்டு அளப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு நெடுங்காலம் விடை தேடிய குழுவினருள் ‘டூம்’ என்னும் விளையாட்டின் ஆர்வலர் குறிப்பிடத்தக்கவர்.

டூம் அமெரிக்க நாட்டின் டெக்சாசு மாநிலத்தில் இருந்த ‘ஐடி சாப்ட்வேர்’ என்னும் சிறு நிறுவனத்தின் படைப்பு. அது 1993ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் வெளியாயிற்று. மூன்று பகுதிகளாக 27 களங்களைக் கொண்ட அவ்விளையாட்டில் முதற்பகுதி இலவசமாக வழங்கப்பட்டது. எஞ்சிய இரண்டும் விலைக்கு விற்கப்பட்டன. அந்நிறுவனத்தின் தலைமை நிரலாளரான சான் கார்மாக்கு, விளையாட்டை இயக்கும் நிரலைத் தனியாகவும், களங்களின் வரைபடம், சுவர்ப்படங்கள், ஒலிகள் முதலியவற்றைத் தனியாகவும் பிரித்து வைத்தார். பின்னவற்றைக் கொண்ட கோப்பு ‘வாட்’ எனப்பட்டது. 1992இல் அந்நிறுவனம் வெளியிட்ட முந்தைய விளையாட்டைச் சிலர் தம் விருப்பம்போல் மாற்றி ஆடியதனை அறிந்திருந்த அவர், அவ்வார்வத்திற்குத் தடையிடாது வாயில் திறந்துவிட்டார். மூலக் கோப்பில் கைவைக்காமலேயே, தனியே ஒரு வாட் கோப்பினை எழுதிப் புதிய களத்தைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இவ்வாறு பிறந்தது.

கதவு திறந்ததும் கூட்டம் நுழைந்தது. 1994ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, களங்களை வரைவதற்கு உதவும் கருவி ஒன்றனை ஆர்வலர் ஆக்கி வழங்கினர். பள்ளி மாணவரும் கல்லூரி மாணவரும் அலுவலகம் சென்று திரும்பியவரும் இரவெல்லாம் விழித்திருந்து களங்களை வரையலாயினர். தாம் பயிலும் கல்லூரியையும் தாம் வாழும் வீட்டையும் அவ்வாறே வரைந்து மகிழ்ந்தவரும் உளர். படைப்புகள் நூறாயின, நூறு ஆயிரமாயின. ஆனால் ஆற்றிலே வெள்ளம் பெருகும்போது நீரோடு நுரையும் சருகும் சேர்ந்து வருதல் இயற்கையன்றோ? கதவே இல்லாத அறைகளும், காரணமின்றி அரக்கர் நூற்றுவரை அடைத்துவைத்த கூடங்களும், முடிவே இல்லாத களங்களும் அவற்றிடையே மலிந்திருந்தன.

இந்நிலையை விளக்கும் சான்று ஒன்று 1995ஆம் ஆண்டின் இறுதியில் கிடைத்தது. ஐடி நிறுவனம் அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ‘மாசுட்டர் லெவல்சு’ என்னும் குறுந்தகட்டை வெளியிட்டது. தேர்ந்த ஆர்வலர் சிலரை அமர்த்திச் செய்வித்த 20 கோப்புகள் அதன்கண் இருந்தன. அதே தகட்டில் ‘மாக்சிமம் டூம்’ என்னும் பெயரால், வலையில் கிடைத்த 1,800க்கு மேற்பட்ட கோப்புகளும் ஒருங்கே கொட்டப்பட்டிருந்தன. ஒன்று தொடுத்த மாலை. மற்றொன்று கொட்டிய குவியல். குவியலிலும் மணமலர்கள் இருந்தன. எனினும் அவற்றைத் தேடி எடுக்கும் உழைப்பு முழுவதும் ஆடுபவன் தலையிலேயே விழுந்தது. ஒரு களத்திற்கு ஒரு நாழிகை வீதம் ஒதுக்கினாலும் 1,800 களங்களைக் காண 720 மணி நேரம் வேண்டும். அஃது உணவும் உறக்கமும் நீக்கிய முப்பது நாள் ஆகும். இவ்வாறு தேடச் சலித்தவன் நல்ல களத்தைக் காணாமலே விலகுவான். அதனை வரைந்தவனின் உழைப்பும் வீணாகும். எனவே தரம் குறித்தல் நல்ல படைப்பாளிக்குச் செய்யும் தீங்கன்று. அவனுக்குச் செய்யும் உதவியே என்பது தெளிவாகின்றது.

அவ்வாறாயின், தரத்தை எவ்வாறு குறிப்பது? ‘அழகாயிருத்தல் வேண்டும்’, ‘சுவையாயிருத்தல் வேண்டும்’ என்று எழுதிவைத்தல் எளிது. ஆயின் ஒருவர் அழகு என்பதனை மற்றொருவர் ஆரவாரம் என்பர். சுவையை வாயிற்காவலனாக நிறுத்தினால், காவலனின் விருப்பமே சட்டமாகிவிடும். ஆதலின் எவரும் ஆய்ந்து ஒப்புக்கொள்ளக்கூடிய பண்புகளையே வாயிலில் நிறுத்துதல் முறை. அத்தகைய பண்புகள் மூன்று: நிறைவு, நேர்மை, நன்றி.

முதலாவது நிறைவு. ஒரு களம் தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம்வரை ஆடி முடிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இஃது எளிய விதியாகத் தோன்றினும், தவறுவோர் பலர். டூம் களத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு பொருளும் எளிய ஆட்டத்தில் தோன்றுமா, நடுத்தர ஆட்டத்தில் தோன்றுமா, கடிய ஆட்டத்தில் தோன்றுமா என்பதனை வரைபவன் தனித்தனியே குறித்தல் வேண்டும். கடிய ஆட்டத்தையே விரும்பி ஆடும் இளைஞன் ஒருவன் மஞ்சள் திறவுகோலுக்குக் கடிய ஆட்டத்தின் குறியை மட்டும் இட்டு, மற்றவற்றை மறந்துவிடுகின்றான் என்று கொள்க. அவன் ஆடும்போது திறவுகோல் கிடைக்கும், கதவு திறக்கும், குறை எதுவும் தெரியாது. எளிய ஆட்டத்தைத் தெரிந்து நுழையும் புதியவனோ, அரைமணி நேரம் போராடிய பின்னர்த் திறவாத கதவின்முன் திகைத்து நிற்பான். ஆக்கியவனுக்குப் புலப்படாத குறை பிறர் ஆடும்போதே புலனாகின்றது. ஆகவே வெளியிடுமுன் ஆக்கியவன் அல்லாத ஒருவரேனும், எல்லா நிலைகளிலும், முதலிலிருந்து முடிவுவரை ஆடிப் பார்த்தல் நிறைவின் முதல் இலக்கணமாகும்.

டூமில் இதற்கு ஏற்ற வசதியும் உண்டு. ஆடுபவன் அழுத்தும் விசைகளை நொடிக்கு 35 முறை குறித்துக்கொண்டு, அந்த ஆட்டத்தை அப்படியே மீண்டும் நடத்திக்காட்டும் ஆற்றல் அதற்கு இருக்கின்றது. இப்பதிவுக் கோப்பு அளவிற் சிறியது. களத்தை ஆடி முடிக்கலாம் என்பதற்கு வாய்ச்சொல் வேண்டுவதில்லை. ஆட்டப்பதிவே சான்றாக நிற்கும். ‘முடிக்க இயலாது’ என்பவனும் ‘இயலும்’ என்பவனும் வாதிட்டுக் கொண்டிராமல், பதிவைக் கண்டு தெளியலாம். அளந்து காட்டத்தக்க அளவுகோலின் சிறப்பு இதுவே.

நிறைவு என்பது எந்த நிரலில் இயங்குகின்றது என்பதனையும் பொறுத்தது. டூமின் மூல நிரல் ஒரே பார்வையில் தோன்றும் தரைப்பரப்புகளையும் கூரைப்பரப்புகளையும் ஓர் எல்லைக்குள் மட்டுமே கணக்கிடும். 128 என்னும் அவ்வெல்லையைத் தாண்டினால் விளையாட்டே நின்றுவிடும். 1997ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஐடி நிறுவனம் டூமின் நிரலையே உலகிற்கு வெளியிட்டது. அதனைக் கொண்டு ஆர்வலர் குழுவொன்று 1998இல் ஆக்கிய ‘பூம்’ என்னும் நிரல் இத்தகைய எல்லைகளை நீக்கிற்று. எனவே ஒரு நிரலில் முறியும் களம் மற்றொன்றில் இடரின்றி இயங்கும். அக்களம் குறையுடையது என்று தள்ளுதல் முறையன்று. எந்த நிரலுக்காக ஆக்கப்பட்டது என்பதனை ஆக்கியவன் அறிவிக்காமல் விடுதலே குறை.

இவ்வறிவிப்பு இரண்டாம் பண்பாகிய நேர்மையோடு தொடர்புடையது. டூம் களங்களைச் சேர்த்துவைக்கும் ‘ஐடிகேம்சு’ களஞ்சியத்தில், ஒவ்வொரு படைப்போடும் குறிப்புத்தாள் ஒன்று இணைக்கப்படுதல் வழக்கம். அதற்கென ஒரு படிவமும் உண்டு. படைப்பின் பெயர், ஆக்கியோன் பெயர், களங்களின் எண்ணிக்கை, ஆக்குதற்கு ஆன காலம், கையாண்ட கருவிகள், உதவினோர்க்கு நன்றி, அறிந்துள்ள பிழைகள், பிறர் இதனை எடுத்தாளலாமா என்னும் இசைவு ஆகியவற்றை அதில் நிரப்புதல் வேண்டும். ‘அறிந்துள்ள பிழைகள்’ என்னும் இடம் எண்ணிப் பார்க்கத்தக்கது. தன் படைப்பின் குறையைத் தானே எழுதுமாறு ஆக்கியவனை அது கேட்கின்றது. குறையை மறைப்பவனைக் காட்டிலும், ‘இவ்விடத்தில் இப்பிழை உள்ளது, நீக்க இயலவில்லை’ என்று எழுதுபவனையே உலகம் நம்பும்.

பிறர் வரைந்த சுவர்ப்படத்தையும் இசையையும் தனதென்று காட்டுதல் நேர்மைக்கு நேர்மாறானது. ஆர்வலர் உலகில் பொருளூதியம் இல்லை. பெயர் ஒன்றே ஊதியம். அப்பெயரைக் கவர்தல் உழைத்தவன் கூலியைக் கவர்தலை ஒக்கும். ஆகவே எத்துணை அழகிய படைப்பாயினும், இசைவின்றி எடுத்த பொருள்மேல் கட்டப்பட்டதாயின் அவையேறும் தகுதியை இழக்கின்றது. இசைவு பெற்றுப் பெயரையும் குறித்தானாயின், எளிய படைப்பும் தலைநிமிர்ந்து நிற்கும்.

மூன்றாவது நன்றி. ஆர்வலர் படைப்பு பிறர் நிலத்தில் நட்ட செடி; நிலத்திற்கு உரியவனை மறத்தல் ஆகாது. ஆர்வலரின் களங்களுக்குத் தடைவிதிக்காத ஐடி நிறுவனம் தொடக்கத்திலேயே ஒரு வேண்டுகோளை விடுத்தது. புதிய களங்கள் விலைகொடுத்து வாங்கிய பதிப்போடு மட்டுமே இயங்குதல் வேண்டும்; இலவசப் பகுதியோடு இயங்குமாறு செய்தல் கூடாது என்பதே அது. இலவசப் பகுதியிலேயே எண்ணற்ற களங்களை ஆடலாம் என்றாகிவிட்டால், விலைகொடுத்து வாங்குவார் யார்? நிறுவனம் நலிந்தால் விளையாட்டும் நலியும். நிறுவனத்தின் மூலக் கோப்பினை அப்படியே படியெடுத்துத் தம் படைப்போடு சேர்த்து வழங்குதலும் இக்காரணத்தாலேயே விலக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ‘விதிகள் பெருகினால் புதியவர் அஞ்சி விலகமாட்டாரா? முதன்முதல் களம் வரையும் பதினான்கு வயதுச் சிறுவன், தேர்ந்தவரோடு ஒப்பிடப்பட்டுத் தள்ளப்பட்டால், எழுதுகோலையே கீழே வைத்துவிடமாட்டானா?’ இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. தேர்ந்தவர் யாவரும் ஒருநாள் புதியவராய் இருந்தவரே. முதல் முயற்சியிலேயே மனம் முறிந்தவர்களுள், பின்னாளில் சிறந்து விளங்கியிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதனை யார் கணக்கிடக் கூடும்?

இதற்கு டூம் ஆர்வலர் கண்ட விடை, களஞ்சியத்தையும் மேடையையும் வேறுபடுத்தியதாகும். களஞ்சியத்தின் வாயில் அகன்றது. குறிப்புத்தாள் இருத்தல், திருட்டு இல்லாமை முதலிய அடிப்படை விதிகளுக்கு உட்பட்ட படைப்பு, எளியதாயினும் அங்கே இடம்பெறும். மேடையின் படிகளோ செங்குத்தானவை. 2004ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் வழங்கப்படும் ‘காக்கோவார்டு’ என்னும் பரிசு அத்தகைய மேடை. விளையாட்டில் வரும் அரக்கன் ஒருவனின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரிட்டனர். அவ்வாண்டில் வெளிவந்த படைப்புகள் பலவற்றுள் பத்தளவினவே தலைசிறந்தனவாகத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. ஏன் தெரிந்தெடுக்கப்பட்டன என்பதும் ஒவ்வொன்றற்கும் எழுதப்படுகின்றது. நெடுங்காலம் உழைத்து நிறைவேற்றிய படைப்புக்கெனத் தனிப்பரிசு ஒன்றும் அதன்கண் உண்டு. பொறுமையும் போற்றத்தக்கது என்பதனை அது காட்டுகின்றது. இவ்வாறு களஞ்சியம் யாவரையும் சேர்த்துக்கொள்கின்றது; மேடை சிலரை உயர்த்துகின்றது. களஞ்சியத்தை மேடையாக்கினால் புதியவர்க்கு இடமில்லை. மேடையைக் களஞ்சியமாக்கினால் சிறந்தவர்க்கு மதிப்பில்லை.

முடிவுறாத படைப்பையும் காட்டுவதற்கு வேறொரு வகை அரங்கு உண்டு. ‘சோனிக்’ என்னும் சப்பானிய விளையாட்டின் ஆர்வலர், 2000ஆம் ஆண்டில் தொடங்கித் தம் படைப்புகளுக்குக் கண்காட்சி நடத்தி வருகின்றனர். அங்கே ஒரு பகுதி மட்டும் ஆடத்தக்க முன்னோட்டங்களும் வைக்கப்படுகின்றன. அத்தகைய அரங்கில் முழுமையை எதிர்பார்த்தல் பொருந்தாது. காட்டிய பகுதி சீராக இயங்குகின்றதா என்பதே வினா. அரங்கின் நோக்கத்திற்கேற்ப அளவுகோலும் மாறும். துலாக்கோலால் துணியை அளப்பார் இல்லை. முழக்கோலால் பொன்னை நிறுப்பாரும் இல்லை.

படைப்பாளிக்கு விதிகள் உள்ளமைபோல, ஆய்வாளர்க்கும் கடமைகள் உள. படைப்பை முழுவதும் ஆடாமல் தீர்ப்புக் கூறுதல், நூலின் அட்டையைக் கண்டு மதிப்புரை எழுதுதலை ஒக்கும். விதிகள் படைப்பு வந்த பின்னர் எழுதப்படாமல், முன்னரே யாவரும் அறிய எழுதப்பட்டிருத்தல் வேண்டும். புகழ்பெற்றவனுக்கு ஒரு விதி, பெயரறியாதவனுக்கு ஒரு விதி என்றிருத்தல் ஆகாது. தன் நண்பனின் படைப்பைத் தானே மதிப்பிடாது பிறரிடம் ஒப்படைத்தல் ஆய்வாளனுக்கு அழகு. எல்லாவற்றினும் மேலாக, திருப்பி அனுப்பும்போது காரணத்தைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

மேற்கூறிய இளைஞனின் களத்தையே மீண்டும் எடுத்துக்கொள்க. ‘தகுதியற்றது’ என்னும் ஒரு சொல்லோடு அது திரும்பி வருமாயின் அவன் கற்பது யாது? தனக்கு இத்துறை ஆகாது என்பதனையே கற்பான். ‘எளிய ஆட்டத்தில் மஞ்சள் திறவுகோல் தோன்றவில்லை, அதற்குரிய குறியை இட்டு மீண்டும் அனுப்புக, இரண்டாம் கூடத்தில் ஒளியமைப்பு நன்று’ என்று எழுதி அனுப்பினால் அவன் ஐந்து நிமிடத்தில் பிழையைத் திருத்துவான். அடுத்த களத்தில் அப்பிழையைச் செய்யவும் மாட்டான். இரண்டிடத்தும் விதி ஒன்றே; முடிவும் ஒன்றே. சொல்லிய முறையில் மட்டுமே வேறுபாடு. அவ்வேறுபாடு ஒரு படைப்பாளியை இழப்பதற்கும் பெறுவதற்கும் இடையே உள்ள வேறுபாடாகும்.

இம்முறையால் விளைந்த பயன் சிறிதன்று. ஆர்வலர் குழுவொன்று இலவசமாக வழங்கக் கருதி ஆக்கிய 32 களங்களின் தொகுதியை ஐடி நிறுவனமே விலைகொடுத்துப் பெற்றது. ஆர்வலராய் இருந்த உடன்பிறந்தார் இருவர் ஆக்கிய மற்றொரு தொகுதியோடு சேர்த்து, 1996இல் ‘பைனல் டூம்’ என்னும் பெயரால் அதனை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டில், ‘பேக் டு சாட்டர்ன் எக்சு’ முதலிய ஆர்வலர் படைப்புகள் டூமின் புதிய பதிப்பை வாங்கியவர்க்குக் கூடுதல் களங்களாக வழங்கப்பட்டன. சோனிக் ஆர்வலருள் தேர்ந்தோர் சிலர், அவ்விளையாட்டிற்கு உரிய நிறுவனத்தின் இசைவோடு ஆக்கிய ‘சோனிக் மேனியா’ 2017இல் வெளிவந்து பாராட்டுப் பெற்றது. பொழுதுபோக்காகத் தொடங்கிய முயற்சி தொழிற்றிறனாய் முதிர்ந்தமைக்கு இவை சான்றுகள். பிறர் ஆடிப் பார்த்துச் சுட்டிய குறைகளை ஏற்றுத் திருத்தும் பழக்கம் இல்லாதவரிடத்து இம்முதிர்ச்சி தோன்றுதல் அரிது.

தரம் என்பது மதிலன்று, படிக்கட்டு. மதில் வெளியே நிற்பவனைத் தடுத்து நிறுத்தும். படிக்கட்டோ கீழே நிற்பவனுக்கு மேலேறும் வழியைக் காட்டும். படிகள் ஒரே அளவினவாய், கண்ணுக்குத் தெரிவனவாய் இருத்தல் வேண்டும். அவற்றை அமைத்தவர், ஏறுபவனுக்குக் கைகொடுக்கவும் அணியமாய் இருத்தல் வேண்டும். கட்டுரை எழுதும் மாணவனுக்கும், ஓவியம் தீட்டும் இளைஞனுக்கும், களம் வரையும் ஆர்வலனுக்கும் இஃது ஒன்றே: தன் படைப்பைப் பிறர் முன்வைக்குமுன் பிறர் கண்கொண்டு அதனைக் காணுதல், குறை கூறினால் சினவாது திருத்துதல், உதவியோரை மறவாது குறித்தல். இம்மூன்றும் கைவரப் பெற்றவன் படைப்பு, அவை சிறிதாயினும் பெரிதாயினும், அரங்கேறும் தகுதியுடையதே.